சுமைதாங்கிக் கல்லும் பனிமலைப் பையும்

பாரம் சுமவாத மக்களினம் உலகில் யாண்டும் இல்லை. உணவையும் விறகையும் நீரையும் குழவியையும் சுமந்தே மனிதன் மனிதனாயினான். ஆயினும் அரசர் ஏறிய யானைக்கும் தேருக்கும் வரலாறு எழுதிய அறிஞர் பலர். அவற்றின் பின்னே மூட்டை சுமந்து நடந்தவனுக்கு வரலாறு எழுதியவர் சிலரே. இவ்வாண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, அக்குறையைச் சிறிதளவேனும் போக்க முயல்வோம் என்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இதனை எழுத எமக்கு உரிமை யாது என அன்பர்கள் வினவலாம். யாம் பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டவர். இருப்புப்பாதை நிலையத்தில் பார்சல் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் மூட்டைகளை நிறுத்து, எடை எழுதி, சீட்டுக் கொடுத்து வருபவர். இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். குளிர்பதன முதல் வகுப்பினர் 70 கிலோ வரை கொண்டு செல்லலாம். 70 கிலோவுக்கு உரிமை பெற்றவர் தம் மூட்டையைத் தாமே தூக்கி யாம் கண்டதில்லை. யார் சுமை எவர் முதுகில் ஏறுகிறது என்பதை எம் தராசு எமக்கு நாள்தோறும் கற்பித்து வருகிறது.

மற்றுமொரு காரணமும் உண்டு. எம் மகள் சென்ற ஆண்டு வடநாடு சென்று மலையேற்றப் பயிற்சி பெற்று வந்தாள். பயிற்சி நிலையத்தாரே அப்பொழுது பையும் பிறவும் கொடுத்துதவினர். வரும் மாசித் திங்களில், தேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் இமயத்தின் பனிச்சரிவுகளில் ஏறவும் சறுக்கவும் செல்கிறாள். இம்முறை பையைத் தானே வாங்க வேண்டும். "எந்தப் பை வாங்கலாம் அப்பா? நீங்கள்தாம் மூட்டைகளை அறிந்தவர் ஆயிற்றே" என்றாள். விடை தேடப் புகுந்தோம். அத்தேடல் எம்மைக் காட்டாக்கடைச் சந்தையிலிருந்து பொதிகைச் சிகரத்துக்கும், அங்கிருந்து பனி நாடுகளுக்கும் இட்டுச் சென்றது. கண்டவற்றை ஈண்டுக் கூறுவோம்.

நம் நாட்டுச் சுமை

சுமையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! சுமை, பொறை, பாரம், பொதி, மூட்டை, பொட்டணம், கட்டு, சிப்பம் என அடுக்கிக்கொண்டே போகலாம். காவுதல் என்னும் வினையடியாகக் காவடி பிறந்தது. தலைக்கும் சுமைக்கும் இடையே வைக்கும் துணிச்சுருளுக்குச் சும்மாடு எனப் பெயர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைகளைப் பற்றிப் பேசுகிறது. பொதிகை மலைநாட்டை ஆண்ட ஆய் ஆண்டிரனின் வண்மையைப் புறநானூற்றுப் புலவர் பாடினர். அம்மலை விளைபொருள்கள் கீழே இறங்கியதெல்லாம் மாந்தர் தலையிலும் தோளிலுமே என்பதை நாமே உய்த்துணரலாம்.

இச்சுமையாளர்க்கென நம் முன்னோர் அமைத்த அறச்சின்னமே சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினால் சுமைதாங்கி ஆயிற்று. அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தலைச்சுமையோடு வருபவன் குனியாமலும் பிறர் உதவியை நாடாமலும் சுமையை அதன்மீது தள்ளி வைக்கலாம். இளைப்பாறியபின் மீண்டும் தானே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் உயிர் நீத்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டுவது தமிழர் வழக்கம். இறக்கி வைக்க இயலாமற்போன சுமையோடு மாண்டவள் பெயரால், வழிப்போக்கர் சுமையிறக்க ஒரு கல்! இதனினும் உருக்கமான அறம் உண்டோ?

மலையாளத்தில் இதனையே அத்தாணி என்பர். எர்ணாகுளம், திருச்சூர்ப் பகுதிகளில் அத்தாணி என்றே வழங்கும் ஊர்கள் உள. இன்று அச்சொல்லுக்கு ஆதரவு, புகலிடம் என்னும் பொருளும் உண்டு. இரு மொழியும் பேசி வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊரார்க்கு இவ்விரு சொற்களும் தம் வீட்டுச் சொற்களே.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மூட்டை சுமந்தோர் அதன்பின்னும் களியக்காவிளையைக் கடந்து இரு பக்கமும் நடந்துகொண்டுதான் இருந்தனர். புகைவண்டி திருவனந்தபுரம் நகரை 1918-இல் எட்டியது. அங்கிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் அது வந்தது 1979-இல்தான். இடைப்பட்ட அறுபத்தோர் ஆண்டுகள் நம் ஊர்ச் சரக்கு மாட்டுவண்டியிலும், பின்னர் லாரியிலும், வண்டி புகாத இடமெல்லாம் மனிதத் தலையிலும் சென்றது. எம் பாட்டனார் விளவங்கோட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து காட்டாக்கடைச் சந்தையில் சுமை தூக்கினார். எம் தந்தையாரும் அத்தொழிலே செய்தார். சுமட்டுத் தொழிலாளர்க்கெனக் கேரள அரசு 1978-இல் தனிச் சட்டம் இயற்றிய பின்னரே அவர்தம் கூலிக்கும் நலத்துக்கும் ஒரு காப்பு ஏற்பட்டது.

அகத்தியர் மலையேறிய கருவிகள்

மலைமேல் சுமை ஏற்றும் கலை நமக்குப் புதிதன்று. அதற்குச் சான்று நம் கண்ணெதிரே நிற்கும் அகத்தியர் கூடமே. 1868 மீட்டர் உயரமுடைய அச்சிகரத்தில் 1855-ஆம் ஆண்டிலேயே வானிலையும் காந்தமும் ஆராயும் நிலையம் ஒன்று இருந்தது என்பதை நம்மவருள் பலர் அறியார்.

சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் இயக்குநராக 1852-இல் வந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். புவியின் காந்த நடுக்கோடு இப்பகுதியை ஒட்டிச் செல்வதால், காந்த ஆய்வுக்கு இவ்விடம் சிறந்தது. தாழ்நிலத்தில் எடுக்கும் அளவுகளை மலைமேல் எடுத்தவற்றோடு ஒப்பிட விரும்பிய பிரவுன், காட்டினூடே வழி திறந்து அகத்தியர் மலையில் நிலையம் அமைத்தார்.

அக்காலத்துப் பாரமானி என்பது பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழல். ஓர் இடறல் போதும், குழல் உடைந்து பாதரசம் மண்ணில் ஓடிவிடும். காந்தக் கருவிகளோ அதனினும் நுண்ணியவை. யானை உலாவும் காட்டில், அட்டை கடிக்கும் ஈர நிலத்தில், வழுக்கும் பாறைமீது அவற்றை உடையாமல் கொண்டு சேர்த்தவர் யாவர்? நிலையத்தை அமைத்தவர் பெயரும் ஆண்டும் அளவும் நூல்களில் உள. சுமந்தவர் பெயரை நாம் எங்கும் காண்கிலேம். ஆயினும் அவர்தம் கால்கள் தவறியிருப்பின் பிரவுனின் அளவுகள் இல்லை.

அம்மலையின் மைந்தர் காணிக்காரர். 1987-இல் மருந்துச் செடிகளை ஆராயும் குழுவொன்று காணியர் சிலரை வழிகாட்டிகளாகக் கொண்டு அக்காட்டுக்குள் சென்றது. ஆய்வாளர் களைத்து அமர்ந்தனர்; காணியரோ சிறு காய்களை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை என்னும் செடி. அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து பிறந்தது. வருவாயில் ஒரு பங்கு காணியர்க்கு என முடிவாயிற்று. மலையில் சுமப்பவன் அறிவை மதித்துப் பயன்பெற்ற கதை இது.

உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக, 2019 ஜனவரி முதல் பெண்டிரும் அகத்தியர் கூடத்துச் சிகரம் ஏறலாயினர். எம் மகள் ஏறிய முதல் மலையும் அதுவே. போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை, பள்ளிக்குக் கொண்டு சென்ற பழைய பையையே சுமந்து நடந்தாள். திரும்பி வந்தபொழுது தோள் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன; முகமோ மலர்ந்திருந்தது.

முதுகுப்பையின் பிறப்பு

இனி முதுகுப்பையின் வரலாறு காண்போம். 1991-இல் ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 3200 மீட்டர் உயரத்தில், பனியில் உறைந்த மனித உடல் ஒன்று கிடைத்தது. ஓட்சி எனப் பெயரிடப்பட்ட அம்மனிதன் வாழ்ந்து 5000 ஆண்டுகளுக்கு மேலாயின. அவனருகே வளைத்த கோலும் மரப்பட்டிகைகளும் கிடந்தன. அவை முதுகுச் சுமையின் சட்டம் என்பர் ஆய்வாளர். பனிமலையில் சுமை முதுகோடு ஒட்டியிருத்தல் வேண்டும் என்பதை அக்கால மனிதனே உணர்ந்திருந்தான்.

இமயத்து மக்களோ சுமையை முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் தாங்குவர். அவ்வாருக்கு நேபாளத்தில் நாம்லோ என்று பெயர். நம் சும்மாடு உச்சந்தலைக்கு, அவர்தம் நாம்லோ நெற்றிக்கு. இரண்டிலும் பாரம் கழுத்தெலும்பின் வழியே இறங்குகிறது.

ருக்சாக் என்பது ஜெர்மன் சொல். முதுகு மூட்டை என்பது அதன் பொருள். பழைய ருக்சாக் சட்டமில்லாத துணிப்பை. தொங்கித் தொங்கி இடுப்பை இடிக்கும். நார்வே நாட்டு ஓலே பெர்கன் 1908-09 ஆண்டுகளில் முதுகின் வடிவுக்கு வளைந்த சட்டத்தை அதனுடன் சேர்த்தார். ஆங்கிலப் படைவீரர் தம் பையை இன்றும் பெர்கன் என்றே அழைக்கின்றனர். 1952-இல் அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் உடைய பைகளைச் செய்து விற்றார். பைத்துணியைத் தைத்தவர் அவர் மனைவியார். 1967-இல் கிரெக் லோ என்பவர் சட்டத்தைப் பையின் உள்ளேயே மறைத்து அமைத்தார்; பை உடலோடு ஒட்டி அசைந்தது. இன்றைய பனிமலைப் பைகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

இவ்வரலாற்றின் சாரம் ஒன்றே. பாரம் தலையிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து இடுப்புக்கும் படிப்படியாக இறங்கியது. இடுப்பெலும்பும் தொடைகளுமே உடலின் வலிய தூண்கள். அத்தூண்களைக் கண்டறிய மனிதனுக்கு ஐயாயிரம் ஆண்டுகள் ஆயின!

இமயமும் பனிச்சறுக்கும்

1953 மே 29-இல் எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்டு உச்சியை அடைந்தனர். அப்படையெடுப்பின் சரக்கைச் சுமந்து சென்றோர் முந்நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர். உச்சிக்கு முந்திய நாள், கடைசி முகாமுக்கு ஏறும்பொழுது ஹில்லாரியின் முதுகில் 60 பவுண்டுக்கு மேற்பட்ட சுமை இருந்தது. டென்சிங் 1935-இல் இமயப் பயணங்களில் சுமை தூக்குபவராகவே சேர்ந்தவர். சுமையாளாகத் தொடங்கியவர் உச்சியில் நின்றார் என்பதை நம் பிள்ளைகட்கு நாம் அடிக்கடி சொல்லுதல் வேண்டும். 1954-இல் டார்ஜிலிங்கில் இமய மலையேற்ற நிலையம் தோன்ற, அவரே களப்பயிற்சியின் தலைவரானார். 1965-இல் கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழுவினர் ஒன்பதின்மர் எவரெஸ்டு ஏறினர். அதே ஆண்டு உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிலையம் தொடங்கிற்று.

பனிச்சறுக்கும் நம் நாட்டில் வேரூன்றியதே. 1948-இல் திம்மய்யா அவர்கள் குல்மார்க்கில் படைவீரர்க்குச் சறுக்குப் பள்ளி தொடங்கினார். இழுவை வண்டி உள்ள மைதானத்தில் சறுக்குவது விளையாட்டு. வண்டியும் வழியும் இல்லாக் காட்டுமலையில் தானே ஏறித் தானே சறுக்குவது வேறு. ஏறும்பொழுது சறுக்குக் கட்டையின் அடியில் மயிருள்ள பட்டையை ஒட்டுவர். அது முன்னே வழுக்கும், பின்னே பற்றிக்கொள்ளும். கட்டையால் ஏற இயலாத செங்குத்தில் அதனைப் பையில் கட்டிச் சுமந்து, பனிக்கோடரி ஊன்றி ஏறுவர்.

இதன் பேரிடர் பனிச்சரிவு. 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் மதறாஸ் ரெஜிமெண்டின் வீரர் பதின்மர் பனிச்சரிவில் புதையுண்டனர். அவருள் தமிழ்நாட்டினர் நால்வர். கொல்லத்தைச் சேர்ந்தவர் ஒருவர். ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடக வீரர் அனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-இல் மறைந்தார். அச்செய்தியை எம் துணைவியார் மறக்கவில்லை. மகள் பை கேட்ட அன்று, "பை வாங்கிக் கொடுத்து நீங்களே அனுப்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் சென்றவர் இரவு வரை எம்மோடு பேசவில்லை. ஆகவே இப்பை தேர்தல் எமக்கு வெறும் கடைப்பேச்சு அன்று.

பை தேரும் முறை

முதலில் ஒரு பிழை செய்தோம். பெரியது நல்லது என எண்ணி, நகரத்துக் கடையொன்றில் 70 லிட்டர்ப் பையை விலை குறைவு என்று வாங்கினோம். 15 கிலோ அரிசியை இட்டு மகளை ஏற்றியபொழுது, இடுப்புப் பட்டை இடுப்பில் அமராமல் தொடையில் தொங்கியது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். அதன்பின் ஆராய்ந்து அறிந்தவை வருமாறு:

ஒன்று, அளவு. ஆளின் உயரத்தை நோக்காது முதுகின் நீளத்தையே அளக்க வேண்டும். தலை குனிந்தால் பிடரியில் புடைக்கும் எலும்பு முதல், இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக உள்ள இடம் வரை தையற்காரரின் நாடாவால் அளந்து, அதற்கேற்ற பையைத் தேர்க.

இரண்டு, கொள்ளளவு. ஒரு நாள் ஏறி இறங்க 30 முதல் 40 லிட்டர் போதும். கூடாரத்தோடு பல நாள் தங்குவோர்க்கு 55 லிட்டரும் அதற்கு மேலும் வேண்டும். பெரிய பை வெறுமையாக இராது. இல்லாத தேவையையும் நாம் அதில் அடைத்துவிடுவோம். இஃது எம் பார்சல் அலுவலகம் கற்பித்த பாடம்.

மூன்று, உருவம். ஒடுங்கியதாய் முதுகோடு ஒட்டியதாய் இருத்தல் வேண்டும். சறுக்கித் திரும்பும்பொழுது பை தனியே ஆடினால் ஆளைக் கவிழ்த்துவிடும். கனத்த பொருள்களை முதுகை ஒட்டி நடுவில் வைத்து, பக்க வார்களால் இறுக்குக. வெப்பநாட்டுப் பைகளில் காற்றோட்டத்துக்கென வைக்கும் வலை முதுகு பனிமலைக்கு ஆகாது. வலைக்கண்களில் பனி புகுந்து உறையும். வழுவழுப்பான துணியே நன்று.

நான்கு, கட்டும் இடங்கள். சறுக்குக் கட்டைகளைக் குறுக்காகவோ இருபுறமாகவோ கட்ட உறுதியான வார்களும், பனிக்கோடரிக்கு வளையமும், இரும்பு முட்சட்டம் துணியைக் கிழிக்காதபடி தனியறையும் வேண்டும். பக்கிள்களும் ஜிப்புகளும் தடித்த கையுறையோடு திறக்கத் தக்கனவாக இருக்க வேண்டும். கடையிலேயே கையுறை அணிந்து திறந்து பார்க்க. குளிரில் கையுறையைக் கழற்றும் ஒவ்வொரு கணமும் விரலுக்குக் கேடு.

ஐந்தாவதே தலையாயது. பனிவாரியும், நீட்டிக் குத்திப் பார்க்கும் கம்பியும் பிற பொருள்களோடு கலவாமல் தனியறையில், ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதற்கால் மணிக்குள் விரைந்து குறைகிறது. அடையாள அலை பரப்பும் கருவியைப் பையில் வைத்தல் கூடாது, உடலோடு கட்டுக. பனிச்சரிவு பையைப் பறித்துச் செல்லக்கூடும். காற்றுப்பை பொருத்திய முதுகுப்பைகள் 1985 முதல் ஜெர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்தன. பிடியை இழுத்தால் அது உப்பி, ஆளைப் பனியின் மேற்பரப்பில் மிதக்கச் செய்ய உதவும். விலை எம் போன்றோர்க்கு எட்டாதது. ஆயினும் அஃது உதவியேயன்றி உறுதியன்று. பனிச்சரிவு எச்சரிக்கையைக் கேட்டு, வேண்டாவிடத்துச் செல்லாமையே முதற்காப்பு.

முடிவுரை

இவ்வாறு ஆராய்ந்து 40 லிட்டர்ப் பை ஒன்று வாங்கினோம். அன்று மாலை எம் தந்தையார் அதனைத் தம் மடியில் வைத்துக் கையால் தடவிப் பார்த்தார். நாற்பதாண்டு தலைச்சுமையால் அவர் கழுத்து வளைந்துவிட்டது. நிமிர்ந்து வானம் பார்க்க இயலாது. பேத்தியின் தோளில் பையை ஏற்றச் செய்து, இடுப்புப் பட்டையின் கீழே தம் உள்ளங்கையைச் செருகி அழுத்தம் பார்த்தார். பின்னர்க் கூறினார்: "தலையிலெ பாரம் இருந்தா கழுத்து போச்சு, தோளிலெ இருந்தா தோளு போச்சு. இது இடுப்பிலெ எறங்குது மக்களே. எங்களுக்கு இப்பிடி ஒண்ணு கிடைக்கல்ல."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அவர் தொடர்ந்தார்: "சொமைய எங்க எறக்கி வைக்கணும்னு தெரிஞ்சவந்தான் சொமட்டுக்காரன். முடியாதுன்னு பட்டா, பையை அங்க போட்டிட்டு நீ மட்டும் வா."

எம் துணைவியார் வாயிற்படியில் நின்று இதனைக் கேட்டார். மறுநாள் கம்பளி நூல் வாங்கி வரச் சொன்னார். இப்பொழுது தொப்பி பின்னுகிறார். அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. எம்மையும் விட்டு நீங்கவில்லை.

அன்பர்காள்! நூல்கள் பல புரட்டியும் யாம் கண்ட தேர்வுமுறை, எழுத்தறியாத ஒரு சுமையாளரின் உள்ளங்கைக்குள் முன்னரே இருந்தது. பிரவுனின் கருவியைச் சுமந்தவனும், இமயத்தில் நாம்லோ தாங்கியவனும், காட்டாக்கடைச் சந்தையில் மூட்டை தூக்கியவனும் ஒரே குலத்தவர். நம் ஊர்ச் சாலையோரங்களில் புல் மூடிக் கிடக்கும் சுமைதாங்கிக் கற்கள் சில இன்னும் உள. சாலை அகலப்படுத்தும்பொழுது அவை பெயர்த்தெறியப்படாமல் காப்பதை நம் சங்கம் இவ்வாண்டுப் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாறு வேண்டி இக்கட்டுரையை முடிக்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!